யாருக்குத் திறந்தது கதவு?

நாலு வீடு தள்ளி அக்காள் வீடு. எட்டிப் பார்த்தால் கூரை தெரிகிறது. அங்கே சாவு விழுந்துவிட்டது. காது கொடுத்தால் அழுகுரலும் கேட்கிறது. ஆனால், போக முடியாது!

ஏன்? பங்காளிப் பகையா? பாலமில்லா ஆறு குறுக்கிட்டதா? இல்லை, தோழர்களே! நடுத்தெருவிலே முள்வேலி. இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் வேறொரு நாடு!

கதையல்ல இது. நடு ஐரோப்பாவிலே செல்மென்ஸ் என்றொரு சிற்றூர். பெரிய செல்மென்ஸ், சின்ன செல்மென்ஸ் என்று பெயர்தான் இரண்டு. தெரு ஒன்று, மொழி ஒன்று, அங்கேரி மொழி. இன்று பெரியது சுலோவாக்கியாவில். சின்னது உக்ரைனில்.

ஊரார் எங்கும் குடிபெயரவில்லை. நாடுகள்தான் மாறி மாறி அவர்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து எழுந்து போயின! முதல் உலகப்போர் வரை ஆஸ்திரிய-அங்கேரிப் பேரரசு. 1920-ல் திரியானோன் உடன்படிக்கை. ஊர் செக்கோசுலோவாக்கியாவுக்கு என்றார்கள். 1938-ல் மறுபடியும் அங்கேரி. 1945 ஜூன் 29-ல் செக்கோசுலோவாக்கியாவும் சோவியத் ஒன்றியமும் கையெழுத்திட்டன. கோடு ஊரின் குறுக்கே விழுந்தது. வரைபடத்தில் கோடு போட்டவனுக்கு அது மை. ஊரானுக்கோ முள்!

வேலியோரம் நின்று பேசக்கூடாது. காவல்காரன் துப்பாக்கியோடு நிற்கிறான். என்ன செய்தார்கள்? பாடினார்கள்! புல்லறுத்துக்கொண்டே தாய்மொழியில் பாட்டு. இன்னாருக்குக் குழந்தை பிறந்தது, இன்னார் இறந்தார் என்ற சேதியெல்லாம் பாட்டுக்குள்ளே வைத்து வேலி தாண்டி அனுப்பினார்கள். அந்த மொழி அறியாத காவலனுக்கு அது களத்துமேட்டுப் பாட்டு. அறிந்தவனுக்கோ குடும்பக் கடிதம். ஒரு மொழி ஒரு ஊரைக் கட்டிக் காத்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நேரில் காண்பதென்றால் அழைப்புக் கடிதம், அனுமதி, வேறொரு சாவடி வழியாக ஊரைச் சுற்றிப் பயணம். நாலு வீட்டுத் தொலைவுக்கு!

2004-ல் இந்தச் சேதி வாஷிங்டன் வரை போயிற்று. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழுவின் முன் ஊரின் அவலத்தைச் சொன்னார்கள். 2005 டிசம்பர் 23-ல் வேலியில் வாயில் திறந்தது. நடந்து போகலாம், சைக்கிளில் போகலாம், அவ்வளவே.

தெருவைக் கடந்தால் கடிகாரமும் மாறும். பெரிய செல்மென்சில் மணி பத்தென்றால் சின்ன செல்மென்சில் பதினொன்று! (ஒரே கல்யாணத்துக்கு எந்த நாட்டு மணியில் முகூர்த்தம் குறிப்பது?) சின்ன செல்மென்சில் கடைகள் முளைத்தன. மேற்கிலிருந்து வந்தவர்கள் சிகரெட்டும் துணிமணியும் மலிவாக வாங்கிப் போனார்கள்.

கைதட்டியவர்களைக் கேட்கிறேன்: கதவு யாருக்குத் திறந்தது?

மேற்கே இருப்பவன் விசா இல்லாமல் கிழக்கே போகலாம். கிழக்கே இருப்பவன் மேற்கே வர விசா! 2007 டிசம்பர் 21-ல் சுலோவாக்கியா ஷெங்கன் வட்டத்துக்குள் நுழைந்தது. ஐரோப்பா தன் எல்லைகளை அழித்துக்கொண்ட அதே நாளில் இந்தத் தெருவின் எல்லை தடித்தது. சிகரெட் வாங்க வருகிறவனுக்கு வழி; தம்பியைப் பார்க்கப் போகிறவனுக்கு விண்ணப்பம்! 2008-ல் எல்லையோர மக்களுக்கென்று தனி அனுமதிச் சீட்டு முறை வந்தது. நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதையும் கேட்டுத்தானே பெறவேண்டும்? அடுத்த வீட்டுக்குப் போக அரசிடம் மனு!

உக்ரைன் மக்களுக்கு அந்த விசா நீங்கியது 2017 ஜூன் 11-ல். ஊர் பிளந்து எழுபதாண்டு கழித்து! பிளந்த தலைமுறையில் எத்தனை பேர் அதைக் காண மிஞ்சியிருப்பார்கள்?

ஐந்தாண்டுகூட அமைதியாகப் போகவில்லை. 2022 பிப்ரவரி 24-ல் உருசியா படையெடுத்தது. தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இந்தச் சிறுவாயில் வழியாகவும் நடந்து வந்தார்கள். 18 முதல் 60 வயது வரையிலான ஆடவர் நாட்டைவிட்டு வெளியேறக்கூடாது என்றது உக்ரைன் அரசு. 2025 ஆகஸ்டில் 22 வயது வரையிலானோர்க்கு அதைத் தளர்த்தினார்கள். நாட்டைக் காக்க ஆள் வேண்டும் என்கிற நியாயம் நமக்குப் புரியாததல்ல. ஆனால் மற்ற ஊர்களில் அந்த ஆணை தடுப்பது அயல்நாட்டுப் பயணத்தை. சின்ன செல்மென்சிலோ தெருவின் மறுகோடிக்கு நடப்பதை.