சம்பளப் பட்டியலும் மேக்ரோவும்

மாதத்தின் கடைசி மூன்று நாட்களும் புது மாதத்தின் முதல் மூன்று நாட்களும் சம்பளப் பிரிவுக் குமாஸ்தாவுக்குப் பரீட்சைக் காலம். மும்பையிலும் தாணே, பிவண்டி வட்டாரங்களிலும் உள்ள தொழிற்கூடங்களில் வழக்கமாகக் காணும் காட்சி இது. வருகைப் பதிவு ஓர் எக்ஸெல் கோப்பில் இருக்கும். ஓவர்டைம் கணக்கு இன்னொரு கோப்பில். முன்பணமும் காண்டீன் பிடித்தமும் மூன்றாவது கோப்பில். இவற்றையெல்லாம் திறந்து, ஒன்றிலிருந்து எண்களை எடுத்து மற்றொன்றில் இட்டு, பிராவிடண்ட் ஃபண்ட், ஈ.எஸ்.ஐ. பிடித்தங்களைக் கழித்து, கைக்கு வரும் தொகையைக் காட்டும் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். சென்ற மாதம் செய்த அதே வேலைதான் இந்த மாதமும். அடுத்த மாதமும் அதேதான்.

இந்த வேலை கடினமானதல்ல, சலிப்பூட்டுவது. சலிப்பு வரும் இடத்தில்தான் பிழையும் வரும். வருகைப் பதிவில் ஊழியர்கள் டோக்கன் எண் வரிசையில் இருப்பார்கள். ஓவர்டைம் தாளில் பெயர் வரிசையில் இருப்பார்கள். ஒரே ஷெட்டில் மூன்று முருகன்கள் வேலை செய்தால், ஒரு முருகனின் ஓவர்டைம் மற்றொரு முருகனின் கணக்கில் ஏறுவதற்கு ஒரு விநாடிக் கவனக்குறைவு போதும். அந்த மாதம் ஊருக்கு அனுப்பும் பணத்தில் துண்டு விழும்போதுதான் பிழை தெரியவரும்.

இத்தகைய திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை ஏற்றுக்கொள்வதற்காகவே மேக்ரோ என்னும் வசதி இருக்கிறது. இது நேற்று வந்ததல்ல. கட்டங்களில் கணக்கிடும் முறையை மேஜைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்த விசிகால்க் 1979-ல் வெளியாயிற்று. 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 மேக்ரோவையும் சேர்த்தே தந்தது. 1993-ல் வந்த எக்ஸெல் ஐந்தாம் பதிப்பிலிருந்து விஷுவல் பேசிக் மொழியில் மேக்ரோ எழுத வழி பிறந்தது. தொடங்குவதற்கு அந்த மொழிகூடத் தெரிய வேண்டியதில்லை. ‘ரெக்கார்ட் மேக்ரோ’ என்பதை அழுத்திவிட்டு ஒரு முறை வேலையைச் செய்து காட்டினால், எக்ஸெல் அந்தப் படிகளை எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த மாதம் ஒரு பொத்தானைத் தட்டினால் அதே படிகளைத் தானே செய்து முடிக்கிறது. அரை நாள் வேலை சில நிமிடங்களில் தீரக்கூடும்.

அப்படியானால் பலர் அதைத் தொடாமல் இருப்பது ஏன்? வேலை போய்விடுமோ என்ற அச்சம் ஒரு காரணம். இதை நகைத்து ஒதுக்குவது நியாயமல்ல. வங்கிகளில் இயந்திரங்கள் வந்த காலத்தில் ஊழியர் சங்கங்கள் எதிர்த்து நின்றன. 1983-ல் நிர்வாகங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே வழி ஏற்பட்டது. ஆயினும், டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் சான்றிதழ்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரயிலேறி, மாதுங்காவில் குடியேறிய தலைமுறைக்குச் சோறு போட்டது அன்றைய இயந்திரத்தின் தேர்ச்சிதான். இன்றைய குமாஸ்தாவுக்கு அந்த இடத்தில் நிற்பது மேக்ரோ.

ஆனால் அச்சத்தைவிட ஆபத்தானது கண்மூடித்தனமான நம்பிக்கை. கையால் செய்வதிலும் ஆபத்து உண்டு. இயந்திரத்திடம் விடுவதிலும் ஆபத்து உண்டு. உலகறிந்த இரண்டு நிகழ்ச்சிகள் இதற்குச் சான்று.

2012-ல் ஜே.பி. மார்கன் வங்கியின் லண்டன் அலுவலகத்தில் நடந்த வியாபாரத்தில் 600 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் ஏற்பட்டது. நஷ்ட அபாயத்தை அளக்கும் கணக்கு அங்கே எக்ஸெல் தாள்களில் நடந்துவந்தது. ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு எண்களைக் கையால் நகலெடுத்து ஒட்டினார்கள் என்பதும், சராசரியால் வகுக்க வேண்டிய ஓரிடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்ததால் அபாயம் குறைவாகத் தெரிந்தது என்பதும் 2013-ல் வெளியான வங்கியின் சொந்த அறிக்கையில் உள்ளன. நஷ்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எச்சரிக்க வேண்டிய கணக்கே தவறாக இருந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி, 2020-ல் கொரோனா காலத்தில் இங்கிலாந்தில் நடந்தது. பரிசோதனை முடிவுகளைத் தானாகத் திரட்டும் ஏற்பாட்டில் பழைய வகை எக்ஸெல் கோப்பு பயன்பட்டது. அந்த வகைக் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமின்றி விழுந்துபோயின. நோய் உறுதியான 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டார்கள்; அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியும் தாமதப்பட்டது. இயந்திரம் தனக்குச் சொன்னதைச் செய்தது. விடுபட்டதைச் சொல்லும்படி எவரும் அதனிடம் கேட்டு வைக்கவில்லை.

தொழிற்கூடத்திலும் இதே கதை சிறிய அளவில் நடக்கும். 180 பேர் இருந்த மாதத்தில் பதிவு செய்த மேக்ரோ, 2-ஆம் வரிசையிலிருந்து 181-ஆம் வரிசை வரை என்றே நினைவில் வைத்திருக்கும். அடுத்த மாதம் 12 பேர் புதிதாகச் சேர்ந்தால், கடைசி 12 பேருக்குப் பட்டியலில் சம்பளமே இராது. பெரும்பாலும் அவர்கள் ஊரிலிருந்து புதிதாக வந்த பையன்களாகவே இருப்பார்கள்.

விகிதங்களின் விஷயம் இதைவிட நுட்பமானது. ஈ.எஸ்.ஐ.க்கு ஊழியரிடம் பிடிக்கும் விகிதம் 2019 ஜூலை 1 முதல் 1.75 சதவீதத்திலிருந்து 0.75 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 1.75 என்ற எண்ணை மேக்ரோவுக்குள்ளேயே எழுதி வைத்த குமாஸ்தா அதை மறந்திருந்தால், 20,000 ரூபாய் சம்பளக்காரரிடம் 150 ரூபாய்க்குப் பதில் 350 ரூபாய் பிடித்தமாகும். மாதா மாதம், பிசகாமல், நூறு பேரிடமும் பிடித்தமாகும். கையால் செய்யும் பிழை ஒருவரைப் பாதிக்கும். மேக்ரோவின் பிழை எல்லோரையும் ஒருசேரப் பாதிக்கும். பைசாவைச் சேர்ப்பதிலும் இதே எச்சரிக்கை தேவை. ஈ.எஸ்.ஐ. தொகையை அடுத்த முழு ரூபாய்க்கு உயர்த்த வேண்டும். 14,270 ரூபாய்க்கு 0.75 சதவீதம் 107 ரூபாய் இரண்டரைப் பைசா. செலுத்த வேண்டியது 108 ரூபாய். சாதாரண முறையில் முழுமையாக்கும் மேக்ரோ 107 என்றே காட்டும்.

ஆகவே மேக்ரோவைக் கைவிட வேண்டும் என்பதல்ல. அதை ஒழுங்குடன் கையாள வேண்டும் என்பதே முடிவு. விகிதங்கள் மேக்ரோவுக்குள் ஒளிந்திராமல், தனித் தாளில், தேதியுடன் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். ஊழியரைப் பெயரால் அல்ல, டோக்கன் எண்ணால் இணைக்க வேண்டும். அந்த இணைப்புக்கு வீலுக்கப் சூத்திரமே போதுமென்றால் மேக்ரோ தேவையே இல்லை. வரிசை எண்ணைக் கெட்டியாகப் பதிக்காமல், கடைசிப் பெயர் வரை தேடிச் செல்லும்படி எழுத வேண்டும். மேக்ரோ ஓடிய பிறகு ‘அண்டூ’ பயன்படாது. எனவே நகல் ஒன்றைச் சேமித்த பிறகே ஓட்ட வேண்டும். முதல் இரண்டு மாதம் பழைய முறையிலும் கணக்குப் போட்டு ஒப்பிட வேண்டும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு மாதமும் தலை எண்ணிக்கை, மொத்த ஓவர்டைம் மணி, மொத்தப் பிடித்தம் ஆகிய மூன்றும் மூலக் கோப்புகளோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எங்கிருந்தோ வந்த மேக்ரோக் கோப்பைத் திறப்பது கூடாது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாப்ட் நிறுவனமே தடுத்து வைக்கிறது. அந்தத் தடையை எடுத்துவிடுவது சாவியைத் திருடனிடம் கொடுப்பதற்குச் சமம்.

இன்னொன்றும் உண்டு. எழுதியவருக்கு மட்டுமே புரியும் மேக்ரோ, அவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பூட்டிய பெட்டியாகிவிடும். ஒவ்வொரு படியும் எதற்கென்று மேக்ரோவுக்குள்ளேயே எளிய சொற்களில் எழுதி வைக்கலாம். அதை மறைத்து வைத்தால்தான் தன் இடம் உறுதி என்று நினைப்பது தவறு. சம்பளக் கணக்கின் விதிகளை அறிந்து, அதை மேக்ரோவாகவும் மாற்றத் தெரிந்தவருக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பு உண்டு.

நிர்வாகங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. மேக்ரோவால் மூன்று நாள் மிச்சமானால், உடனே ஆளைக் குறைப்பதும், மீதியிருப்பவரின் தலையில் இன்னும் இரண்டு பிரிவுகளின் வேலையை ஏற்றுவதும் கெட்டிக்காரத்தனம் அல்ல. மிச்சமான நேரத்தில் ஒரு பகுதி சரிபார்ப்பதற்கும் கற்பதற்கும் ஒதுக்கப்பட வேண்டும். பட்டியலை இரண்டாமவர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடும் பழைய வழக்கம், இயந்திரம் வந்துவிட்டது என்பதற்காக ஒழியக் கூடாது.

தொழிலாளியும் சம்பளச் சீட்டை மடித்துப் பையில் போடுவதற்கு முன் ஓவர்டைம் மணியையும் பிடித்தங்களையும் ஒரு முறை பார்ப்பது நல்லது. சந்தேகம் வந்து அவர் கேட்டால், ‘கம்ப்யூட்டர் போட்ட கணக்கு, தவறாது’ என்று சொல்லி அனுப்புவது பதிலாகாது. எந்தத் தாளிலிருந்து எந்த எண் வந்தது என்று எடுத்துக்காட்ட முடிந்தவரே அந்த மேக்ரோவை ஓட்டத் தகுதியுள்ளவர்.