பொட்டலமும் மனிதாபிமானமும்

மனிதாபிமானத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற ஆசாமி, ஒரு தாய் கொடுத்த நாலு மாத்திரையை எடுத்துப் போக மறுத்துவிட்டான்! கிழக்குத் தாம்பரத்தில், நான் குடியிருக்கும் தெருவில், என்னைப் பற்றி இப்பொழுது நிலவுகிற அபிப்பிராயம் இது. மறுத்தேன் என்பது உண்மை. மறுத்தது சரி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். துபாயிலுள்ள தமிழர்கள் சிலர் ஒரு கூட்டத்தில் பேச என்னை அழைத்திருந்தார்கள். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு எதிர்வீட்டு அம்மாள் வந்தாள். அவளுடைய மகன் அங்கே வேலை பார்க்கிறான், தீராத முதுகுவலி.

"நம்ம ஊர் மாத்திரைதான் தம்பி அவனுக்குக் கேக்குது. பையிலே ஒரு மூலையிலே வச்சுக்குங்க" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

பிரித்துப் பார்த்தேன். மருந்துக் கடையில் கத்தரித்துக் கொடுத்த அட்டைத் துண்டுகள். ஒன்றில் பெயரின் வால் இருந்தது, தலையைக் காணோம். காலாவதித் தேதி வேறு யார் வீட்டுக்கோ போயிருந்தது.

"டாக்டர் சீட்டு எங்கே அம்மா?"

"முதுகுவலி மாத்திரைக்கு என்ன தம்பி சீட்டு?"

வலி மாத்திரைகளில் எத்தனையோ சாதி. அவற்றில் ஒன்று டிராமடால். நம் நாட்டிலேயே 2018-இல் அதைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்துவிட்டார்கள். அதை ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கொண்டுபோக மருத்துவச் சீட்டும் வேண்டும், அந்நாட்டு அரசின் முன் அனுமதியும் வேண்டும். 2017-இல் ஓர் ஆங்கிலேயப் பெண், தன் துணைவனின் முதுகுவலிக்காக 290 டிராமடால் மாத்திரைகளோடு எகிப்தில் போய் இறங்கினாள். அங்கே அது தடைசெய்யப்பட்டது என்று தனக்குத் தெரியாது என்றாள். மூன்றாண்டுச் சிறை விதித்தார்கள். அவளையும் பொட்டலம் கட்டவைத்தது அன்புதான்.

எதிர்வீட்டுப் பொட்டலத்தில் இருந்ததும் அதுவே என்று நான் சொல்லவில்லை. சாதாரண மாத்திரையாகவே இருக்கலாம். ஆனால் அது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. சுங்க அதிகாரி கேட்டால், "ஒரு தாயின் பாசம்" என்றா பதில் சொல்வது?

அங்கே வைத்தியரைப் பார்க்கச் செலவாகிறது என்று மகன் சொல்வது பொய்யல்ல. தாயின் மீதும் எனக்குக் கோபமில்லை. பெயரில்லாத மாத்திரையை அவள் கையில் கொடுத்தார்களே, அவர்கள்மீதுதான் கோபம். மருந்தின் மூலப் பெயரைப் படிக்கும்படியாக, கூடுமானால் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதி செய்தது. விதி கிடக்கிறது. வைத்தியர் எழுதுவதைக் கடைக்காரர் ஒருவரால்தான் படிக்க முடிகிறது. அவரோ அட்டையிலிருக்கும் பெயரையும் கத்தரித்துவிடுகிறார்.

1928-இல் டாக்டர் சௌரி முத்து இந்தத் தாம்பரத்தில் சானடோரியம் கட்டியபோது காசத்துக்கு மருந்தே கிடையாது, காற்றும் ஓய்வும்தான். ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தது 1943-இல். ஒரு மருந்துக்காக ஜனங்கள் காத்துக் கிடந்த ஊர் இது. இங்கேதான் மருந்தைப் பெயரில்லாமல் விற்கிறோம், வாங்குகிறோம், விமானத்தில் ஏற்றுகிறோம்.

மருந்து அதற்கு உடையவரோடு போகட்டும். முழு அட்டையோடு, சீட்டோடு, கையோடு கொண்டுபோகும் பையில் போகட்டும். போகிற நாட்டின் விதியை முன்கூட்டியே அதன் தூதரகத்தில் விசாரித்துக்கொள்ளட்டும். இதைத்தான் அந்த அம்மாளிடம் சொன்னேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

மறு வாரமே அந்தப் பொட்டலம் வேறொருவர் பையில் போய்ச் சேர்ந்துவிட்டதாம். "ஒன்றும் ஆகவில்லையே!" என்று தெருவில் என்னை மடக்குகிறார்கள். ரயில் வராத நேரம் பார்த்துத் தண்டவாளத்தைத் தாண்டியவனும் இதையேதான் சொல்வான். தாம்பரத்துக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.