காட்டுத்தீயை மூட்டுவது யார்?

வேலூரில் லாங் பசார் என்று ஆங்கிலமும் பாரசீகமும் கைகோத்த பெயரால் இன்னும் வழங்கிவரும் நெடுங்கடைத் தெருவில், கோடைதோறும் ஒரே பேச்சு எழும். ஊரைச் சூழ்ந்த குன்றுகளில் இரவெல்லாம் தீ ஊர்ந்தது என்பர். மூங்கிலோடு மூங்கில் உரசிப் பற்றிற்று என்பர். இயற்கையின் சீற்றம் என்பர். பின்னர்த் தராசைப் பார்க்கத் திரும்பிவிடுவர். முட்புதரும் புல்லும் பாறையுமாய் நிற்கும் அக்குன்றுகளில் மூங்கிற் காட்டைத் தேடித்தான் காணவேண்டும்!

இயற்கை தீ மூட்டுவதேயில்லை என்பதன்று. 2020 ஆகசுட்டில் கலிபோர்னியாவில் மழையின்றி வெட்டிய மின்னலால் நூற்றுக்கணக்கான இடங்களில் காடு பற்றியது. ஆனால், தமிழகத்தில் தீப்பருவம் மாசி தொடங்கிச் சித்திரை கடந்து நீள்வது. அப்போது மின்னல் வரின், பெரும்பாலும் கோடைமழையும் உடன்வந்து அத்தீயை அவித்துவிடும். உதிர்ந்த சருகும் காய்ந்த புல்லும் வெயிலும் காற்றும் இயற்கை அடுக்கிவைக்கும் விறகு. கொள்ளியோ மாந்தன் கையது. இந்தியாவில் மூளும் காட்டுத்தீயில் மிகப்பெரும் பகுதி மாந்தச் செயலால் விளைவதே என்று நடுவணரசின் காட்டளவை நிறுவனமே கூறுகின்றது. அணைக்காமல் எறிந்த சுருட்டுத்துண்டு, புதுப்புல் தளிர்க்கட்டும் என்று வைத்த தீ, தேனெடுக்கக் கொளுத்திய பந்தம், கொல்லையோரத்தில் எரித்த சருகு: இவற்றுள் எதனை இயற்கையின் கணக்கில் எழுதுவது?

2018 மார்ச்சு 11-இல் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், காய்ந்த போதைப்புற் சரிவில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேறிகள் மாண்டனர். தீப்பருவத்தின் நடுவே அவர்களை அங்கு அழைத்துச் சென்றது காற்றா, மின்னலா?

உடனே மலைவாழ் மக்கள்மேல் பழிபோடுவார் உளர். அவர்களுக்கு அது எளிது. ஆனால், மேற்கே பிலிகிரி மலையில் வாழும் சோலகர், தைத் திங்களில் சருகு இன்னும் ஈரம் வற்றாதிருக்கையிலேயே தாழ்ந்த தீயிட்டுத் தரையைத் தூய்மை செய்யும் வழக்கம் உடையவராயிருந்தனர். முன்பனியில் எரிந்த சருகு முதுவேனிலில் மரத்தை எரிக்காது. வெள்ளையராட்சியில் வந்த 1882-ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டமோ காவற்காட்டில் தீயிடுதலைக் குற்றமாக்கிற்று. அவன் காத்தது தமிழன் காட்டையன்று; தன் இருப்புப் பாதைக்கு வேண்டிய கட்டையை. அவன் அழகுக்காகக் கொணர்ந்த உண்ணிச்செடி இன்று மலையெங்கும் புதராய் மண்டித் தீக்கு ஏணியாய் நிற்கின்றது. தடை நிலைத்தது, தீயறிந்த மக்களின் பட்டறிவு மட்டும் மதிப்பிழந்தது.

இதில் தோல்வணிகர்க்கு என்ன என்று ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் சிலர் வினவலாம். குரோமிய உப்பு வருமுன் அவர்தம் தொட்டிகளில் தோலைப் பதப்படுத்தியவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அல்லவா? கடுக்காய் சவ்வாது மலை தந்த செல்வம். காடு ஊட்டி வளர்த்த தொழில் அது. மேலும், எரிந்த சரிவில் விழும் மழை நிலத்துள் இறங்காது. மண்ணை வாரிக்கொண்டு ஓடி ஏரிகளைத் தூர்க்கும். தோற்கழிவால் ஏற்கெனவே நலிந்த பாலாற்றுக்கு மலையும் கைவிட்டால், அப்பள்ளத்தாக்கின் கிணறுகளில் ஊற்று எங்கிருந்து வரும்?

தீ எரியும்போது ஓடிவந்து பச்சிலைக் கிளையால் அடிக்கும் காவலரைக் குறைசொல்வதற்கில்லை. அவர்கள் தொகை சிறிது, மலை பெரிது. மலையூர் இளைஞர்க்குத் தீப்பருவம் முழுமைக்கும் கூலியோடு காவற்பணி தரவேண்டும். தோல் ஏற்றுமதியால் பொருளீட்டுவோர் அதில் ஒரு பங்கை ஏற்கவேண்டும். ஒவ்வொரு தீக்கும் கரணியம் உசாவி, அதனைத் தமிழில் ஊரறிய வெளியிடவேண்டும். ‘இயற்கை’ என்று ஒரு சொல்லில் கோப்பை மூடிவிடக் கூடாது. தீப்பருவம் மாசியில் தொடங்குகின்றது. தடுப்புக்கோடு வெட்டும் வேலை தைக்குள் முடிந்திருக்க வேண்டும்.