தேதியில்லாப் படங்கள்

நிழற்படம் காலத்தை நிறுத்திவிடும் என்பார் உளர், நாம் மறுக்கிறோம்.

வத்தலக்குண்டிலிருந்து மலையேறினால் கொடைக்கானல் வானாய்வகம். அங்கு 1904 முதல், வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து, நாள் குறித்துக் காத்து வருகின்றனர். ஒரு படத்தில் தெரிவன சில கரும்புள்ளிகளே. வரிசையாக அடுக்கினாலன்றோ, ஏறத்தாழ 11 ஆண்டுக்கொருமுறை அவை பெருகிக் குறைவது புலப்படுகிறது! காலத்தைக் காட்டுவது தனிப்படமன்று; தேதியிட்ட தொடரே.

நம் இல்லங்களிலோ பெட்டி நிறையப் படங்கள். பின்புறம் பெயருமில்லை, ஆண்டுமில்லை. நன்னாவும் நன்னியும் மறைந்தபின், “இவர் யார்?” எனப் பேரப்பிள்ளை கேட்டால் விடை சொல்வார் யார்?

சூரியனுக்குக் குறிப்பெழுதும் மலையின் அடிவாரத்தில் வாழும் நாம், பெற்றோருக்கு எழுதாதிருப்பது முறையா? பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பென்சிலால் எழுதிவைப்போம்.