இணைப்பு இல்லாத இணைப்பு விமானங்கள்

தில்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்துக்குப் பெயர் ஒன்றுதான். ஆனால், உள்நாட்டு விமானத்தில் வந்திறங்கி வெளிநாட்டு விமானத்தைப் பிடிக்க விரையும் பயணிக்கு அது ஓரிடம் அல்ல. உள்நாட்டு விமானங்கள் மட்டுமே வந்து செல்லும் முதலாவது முனையத்துக்கும், வெளிநாட்டு விமானங்கள் அனைத்தும் புறப்படும் மூன்றாவது முனையத்துக்கும் இடையே சாலை வழியே ஏழெட்டு கிலோமீட்டர் தூரம். இரு முனையங்களிலும் மெட்ரோ ரயில் நிலையங்கள் உண்டு. ஆனால், அவை வெவ்வேறு தடங்களில் இருக்கின்றன. பெட்டியோடு வருபவருக்குப் பேருந்தோ, வாடகைக் காரோதான் கதி.

பயணச்சீட்டில் மூன்று மணி நேர இடைவெளி என்று அச்சிடப்பட்டிருக்கலாம். உண்மையில் பயணியின் கையில் இருப்பது அதில் பாதிதான். இறங்கியதும் பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டும். பிறகு சாலைப் பயணம். முனைய வாயிலில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினரின் சோதனை. வெளிநாட்டு விமானங்களுக்குப் பெட்டியை ஒப்படைக்கும் கவுன்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடப்பட்டு விடுகிறது. அதைத் தாண்டினால் குடியேற்றச் சோதனை வரிசை, பாதுகாப்புச் சோதனை வரிசை. முதல் விமானம் முக்கால் மணி நேரம் தாமதமானால் போதும், எல்லாக் கணக்கும் தப்பிவிடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைநகரை மூடும் பனிமூட்டத்தில் இத்தகைய தாமதம் ஆண்டுதோறும் நிகழ்வது.

2006-ல் தில்லி, மும்பை விமான நிலையங்கள் தனியார் பங்கேற்புடன் கூடிய நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. 2010-ல் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்கு முன்னதாக மூன்றாவது முனையம் திறக்கப்பட்டது. விரிந்த கடைவீதி வந்தது. முனையங்களை இணைக்கும் தானியங்கி ரயில் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. ரயில்தான் இன்னும் ஓடவில்லை.

மும்பையிலும் சாலை வழியே சென்றால் சிரமம்தான். சாந்தாகுரூஸ் பக்கம் உள்ள முதலாவது முனையத்திலிருந்து சஹாரில் உள்ள இரண்டாவது முனையத்துக்குச் சாலை வழியே செல்வோர் நகர நெரிசலைக் கடக்க வேண்டும். இப்போது நவி மும்பையில் இன்னொரு விமான நிலையம் செயல்படத் தொடங்கியிருக்கிறது. தில்லிக்கு அருகே ஜேவரில் மற்றொன்று எழுப்பப்பட்டுள்ளது. ஒரு விமான நிலையத்தின் இரு முனையங்களையே இணைக்க முடியாதவர்கள், ஒரு நகரின் இரு விமான நிலையங்களை எப்படி இணைக்கப் போகிறார்கள் என்கிற கேள்வி எழாமல் இல்லை. அந்த வகையில், உள்நாட்டு, வெளிநாட்டு முனையங்கள் அடுத்தடுத்து அமைந்த திரிசூலம் எவ்வளவோ மேல்.

விமானத்தைத் தவறவிட்டால் நஷ்டம் யாருக்கு? இங்குதான் சாமானியர்கள் அறியாத நுட்பம் ஒன்று இருக்கிறது. இரு விமானங்களும் ஒரே பயணச்சீட்டில் பதிவாகியிருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டவரை அடுத்த விமானத்தில் அனுப்பிவைக்கும் பொறுப்பு விமான நிறுவனங்களைச் சாரும். இந்தியா 2009-ல் ஏற்றுக்கொண்ட மான்ட்ரியல் உடன்படிக்கையும், ஒரே பயணமாகக் கருதி ஒப்பந்தம் செய்யப்பட்டதை, அதன் உள்நாட்டுப் பகுதியையும் சேர்த்து, ஒரே சர்வதேசப் பயணமாகவே கொள்கிறது. தனித்தனிச் சீட்டுகளாக வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைப்பது அரிது. முதல் நிறுவனம் அவரைத் தில்லியில் இறக்கியதோடு தன் கடமையை முடித்துக் கொள்ளும். இரண்டாவது நிறுவனம் "நேரத்துக்கு வரவில்லை" என்று கைவிரித்துவிடும்.

சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகும் என்று தனித்தனிச் சீட்டுகளை வாங்குவோரும், முகவர் வாங்கித் தந்ததை அப்படியே ஏற்றுக்கொள்வோரும் பெரும்பாலும் யார்? வளைகுடா நாடுகளுக்கு முதன்முறையாக வேலைக்குப் போகும் தொழிலாளர்களும், கல்விக் கடன் வாங்கி மேற்படிப்புக்குச் செல்லும் மாணவர்களும்தான். அவர்களுக்குத் தவறிய விமானம் என்பது ஒருநாள் அசௌகரியம் அல்ல. கடைசி நேர விலையில் புதிய பயணச்சீட்டு, சில வேளைகளில் கைநழுவும் வேலை என்று அதன் விலை நீளும்.

திரும்பி வரும்போதும் துன்பம் தீர்வதில்லை. நாட்டில் முதலில் தரையிறங்கும் நகரிலேயே குடியேற்றச் சோதனையையும் சுங்கச் சோதனையையும் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டிய நிலையில்தான் பெரும்பாலான பயணிகள் இருக்கிறார்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஒரு வெளிநாட்டு விமானத்திலிருந்து இன்னொரு வெளிநாட்டு விமானத்துக்கு மாறுவதால் இத்தகைய சோதனைகளுக்குத் தேவையே எழுவதில்லை என்பது உண்மைதான். ஆனால், இந்திய நகரங்களை உலக விமானப் போக்குவரத்தின் மையங்களாக்குவோம் என்று முழங்கும் அரசு, இந்த வேறுபாட்டைக் காரணமாகக் காட்டித் தப்பிக்க முடியாது.

குடியேற்றச் சோதனை உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பு. சுங்கம் நிதி அமைச்சகத்தின் பொறுப்பு. விமான நிறுவனங்களைக் கண்காணிப்பது விமானப் போக்குவரத்து அமைச்சகம். நிலையத்தை நடத்துவது தனியார். இத்தனை பேருக்கு இடையே பயணியின் நேரத்துக்குப் பொறுப்பேற்க ஆளில்லை. 2022 டிசம்பரில் மூன்றாவது முனையத்தில் கூட்டம் அலைமோதியபோது மத்திய அமைச்சரே நேரில் வந்து பார்க்க நேர்ந்தது. 2024 ஜூனில் தில்லியில் தொடங்கிய விரைவுக் குடியேற்றத் திட்டம் வரவேற்கத்தக்கது. எனினும், முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் பெற்றவர்களுக்கே அது பயன்படும். முதன்முறை செல்லும் தொழிலாளிக்கு அதனால் உதவியில்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முனைய மாற்றத்துக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் தேவை என்பதும், எந்த முனையம் என்பதும் பயணச்சீட்டிலேயே மாநில மொழிகளில் அச்சிடப்பட வேண்டும். தனித்தனிச் சீட்டு விற்கும் முகவர், அதன் ஆபத்தைத் தெரிவித்தாக வேண்டும் என்று விதி வகுக்கப்பட வேண்டும். இணைப்பு விமானப் பயணிகளுக்குத் தனி வரிசையும், இடைவிடாத இலவசப் பேருந்தும் உறுதி செய்யப்பட வேண்டும். சுங்கச் சோதனையைக் கடைசி நகரிலேயே முடிக்கும் வசதி பரவலாக்கப்பட வேண்டும்.

அதுவரை, ஒரே பயணச்சீட்டில் பதிவு செய்வதும், பனிக்காலத்தில் முதல்நாளே தலைநகருக்கு வந்து சேர்வதும்தான் பயணிக்குப் பாதுகாப்பு. அந்த ஓர் இரவுக்கான தங்கும் செலவும் உண்மையில் நிர்வாகத்தின் குறைபாட்டுக்காகப் பயணி செலுத்தும் வரிதான். பயணிகளிடம் கட்டணம் வசூலிக்கத் தவறாத விமான நிலையங்கள், அவர்களை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடவும் தவறக் கூடாது.