பூட்டும் காவலும்

அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை பற்றிய விவாதம் ஓய்ந்தபாடில்லை. வைத்திருப்பவர் அதைக் களவு போகாமல் காப்பது எவ்வாறு என்ற கேள்வியோ அத்தனை உரக்க எழுவதில்லை.

மாசசூசெட்ஸ் 1998-இலும் ஒரிகன் 2021-இலும் இயற்றிய சட்டங்களின்படி, தம் வசம் இல்லாதபோது துப்பாக்கியைப் பூட்டி வைத்தாக வேண்டும். ஒரிகனில் களவு போனால் 72 மணி நேரத்துக்குள் அறிவிக்கவும் வேண்டும். துப்பாக்கியின் விசையில் ஒரு பூட்டு மாட்டினாலே சட்டம் நிறைவுறும். ஆனால் அது குழந்தையின் விரலைத் தடுக்குமேயன்றித் திருடனின் கையைத் தடுக்காது.

இரும்புப் பெட்டியும் சுவரோடோ தரையோடோ முடுக்கப்பட்டால்தான் காவல். இல்லையேல் பெட்டியோடு போய்விடும். வாடகை அடுக்ககத்தில் வாழ்பவர் துளையிடுவதற்கோ, பெரும்பாலும் வீட்டு உரிமையாளரின் இசைவு வேண்டும். அதை எழுத்தில் கேட்டுப் பெறுவதே முதற்கடமை. மறுக்கப்பட்டால், கனத்த கட்டிற்சட்டத்தோடு எஃகுவடத்தால் பெட்டியைப் பிணைக்கலாம். அது திருடனைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. துப்பாக்கியின் வரிசை எண்ணையும் குறித்து வைத்தல் நன்று.

பொன் களவு போனால் இழப்பு உடையவருக்கு. துப்பாக்கி களவு போனால் இழப்பு, முன்பின் அறியாத எவருக்கோ. காக்க இயலாதவர் அதை வாங்காதிருப்பதே அறம் என்பது என் துணிபு.