வழுக்கும் கிளட்சும் வலுத்த ஸ்பிரிங்கும்

பழைய ஜீப் ஒன்றை விலைக்கு வாங்கி, அதன் வயிற்றில் வலிய எஞ்சினைப் புகுத்தி, பாறையிலும் சேற்றிலும் ஏற்றிப் பார்ப்பது நம் பொறியியல் மாணவர் பலருக்குப் பெருவிருப்பமாகிவிட்டது. நல்ல முயற்சிதான். ஆனால் ஏற்றத்தில் கிளட்ச் சற்றே வழுக்கியதும், "அழுத்தம் போதவில்லை, முப்பது விழுக்காடு கூடுதலான ஸ்பிரிங்கைப் போடு" என்று தீர்ப்புக் கூறுகிறார்களே, அதனை நான் ஒப்பேன். (கிளட்சுக்குத் தமிழ்ச்சொல் எது என்னும் வழக்கைச் சங்கக் கூட்டத்துக்கே விட்டுவிடுகிறேன்; பட்டறையில் வழங்கும் சொல் எனக்குப் போதும்.)

கணக்கு எளிது. பிரஷர் பிளேட்டின் அழுத்தத்தை உராய்வுக் கெழுவாலும் பிளேட்டின் சராசரி ஆரத்தாலும் பெருக்கி, உராயும் முகங்கள் இரண்டாதலால் இரட்டித்தால், கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை கிடைக்கும். அழுத்தம் 4000 நியூட்டன், கெழு 0.3, ஆரம் 9 செ.மீ. என்று கொள்வோம், விடை 216 நியூட்டன் மீட்டர். பழைய வில்லிஸ் ஜீப் எஞ்சினின் உச்ச விசையோ ஏறத்தாழ 142 தான். 170 தரும் எஞ்சினை மாட்டினாலும் இந்தக் கிளட்ச் வழுக்க நியாயமில்லை.

பின் ஏன் வழுக்குகிறது? எஞ்சினின் பின்புற சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் படிந்திருக்கலாம். கெழு 0.1க்கு இறங்கினால் தாங்கும் விசை வெறும் 72! இதை ஸ்பிரிங்கினால் ஈடுகட்ட அழுத்தத்தை மும்மடங்காக்க வேண்டும். சீலை மாற்ற மனமில்லாதவர் ஸ்பிரிங்கைத் தேடி அலைகிறார். பெடலில் விளையாட்டு இல்லாமற் போனாலும், ஓட்டுபவர் பெடல்மேல் காலை வைத்தே ஓட்டினாலும் இதே கதைதான்.

இன்னொன்று, லோ ரேஞ்ச். வில்லிஸ் ஜீப்பின் டிரான்ஸ்பர் கேஸில் லோ விகிதம் 1.97. அதனைப் போட்டால் சக்கரத்தில் அதே இழுவைக்குக் கிளட்சின்மேல் விழும் சுமை ஏறத்தாழப் பாதியாகும். ஹை ரேஞ்சில் பாறையேறிவிட்டுக் கிளட்சைப் பழிப்பது எவ்வகை நீதி?

இவற்றையெல்லாம் விடப் பெரிது ஒன்றுண்டு. கிளட்ச் வழுக்குவது எப்போதும் குற்றமன்று. அது ஒரு காவலும் ஆகும். சக்கரம் பாறையிடுக்கில் சிக்கிக்கிடக்க, எஞ்சினை முடுக்கிக் கிளட்சைச் சட்டென்று விட்டால், சுழலும் பிளைவீல் தன்னிடமுள்ள ஆற்றலையும் சேர்த்துக் கொட்டும். அப்போது எஞ்சினின் விசை எல்லையாகாது. கிளட்ச் எந்த அளவில் வழுக்குகிறதோ அதுவே எல்லை. அந்த ஜீப்பில் முதல் கியர் 2.665, லோ 1.97, அச்சு 4.88, மொத்தம் 25.6 மடங்கு. 216 தாங்கும் கிளட்ச் அச்சுகளுக்கு ஏறத்தாழ 5530 வரை அனுப்பும். ஸ்பிரிங்கை முப்பது விழுக்காடு ஏற்றினால் 7190! அச்சுத்தண்டையும் கிராஸ் ஜாயிண்டையும் யார் வலுப்படுத்தினார்கள்? வழுக்கும் கிளட்சோடு மெல்ல ஊர்ந்தேனும் திரும்பலாம். அச்சு முறிந்த வண்டியைக் காட்டிலிருந்து இழுத்துத்தான் வர வேண்டும்.

ஓட்டுபவரின் காலையும் யாரும் எண்ணுவதில்லை. அழுத்தம் ஏற ஏறப் பெடலும் கனக்கும். பாறைமேல் அங்குலம் அங்குலமாக நகர வேண்டிய இடத்தில், களைத்த கால் பெடலை நழுவவிடும். மேலே சொன்ன அடியும் அந்தக் கணத்தில்தான் விழும். ஒவ்வொரு மிதிக்கும் கிராங்க்ஷாப்ட்டை முன்னே தள்ளும் விசை கூடுவதால் அதன் திரஸ்ட் வாஷரும் விரைவில் தேயும்.

உண்மையிலேயே 200க்கு மேல் தரும் எஞ்சினை மாட்டியவர்க்குக் கூடுதல் கிளட்ச் தேவை என்பதை மறுக்கவில்லை. அவர்கள் முதலில் பெரிய விட்டமுள்ள பிளேட்டை நாடட்டும், பெடலாவது கனக்காது. ஆயினும் அச்சுக்குச் செல்லும் அடி அதிலும் கூடவே செய்யும். ஆகையால் எஞ்சின் விசையைப் போல ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கோடு நின்று, அச்சையும் அதற்கேற்ப மாற்றிவிட்டு ஸ்பிரிங்குக்குப் பணம் கட்டட்டும்.